திவால் மனு நிலுவையில் இருக்கும்போது கைது வாரண்ட் வந்தால்

தேனி மாவட்டம் ராயப்பன்பட்டியில் திராட்சைப் பந்தல் போடும் விவசாயி, கல்தூண், கம்பி, நாற்று, சொட்டுநீர்க் குழாய் என்று முதல் குலை வெட்டுவதற்கு முன்பே பெரும் தொகையை மண்ணில் இறக்கிவிடுகிறார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுக்கக் காய்ப்பு எடுக்க முடிகிற வட்டாரம் இது. ஆனாலும் வெட்டுகிற வாரத்தில் மழை பிடித்துப் பழம் வெடித்தால் அந்தப் போகம் வட்டிக்குக்கூடத் தேறாது. விவசாயி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். வியாபாரி புரோநோட்டு எழுதிக் கொடுத்து வெளியில் பணம் திரட்டியிருப்பார். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், "அவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டாராமே", "ஐ.பி. போட்டுட்டாராம்" என்ற பேச்சு மறுநாளே டீக்கடைக்கு வந்துவிடும்.

ஐ.பி. என்பது திவால் மனு. ராயப்பன்பட்டிக்காரர் இதற்காகப் படியேறுவது பெரும்பாலும் உத்தமபாளையம் சார்பு நீதிமன்றத்தில்தான். அங்கே இன்றும் பேசுகிற சட்டம் 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். சென்னை நகரத்துக்கு மட்டும் 1909ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. ஆகவே சாதாரண விவசாயிக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் பழைய சட்டமே கதி. கடன் 500 ரூபாயைத் தொட்டால் மனுப் போடலாம் என்று அதன் 10ஆம் பிரிவு இன்னமும் சொல்கிறது. டிகிரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) ஆன கடனுக்காகக் கைதாகியிருந்தாலோ, சொத்து ஜப்தியில் இருந்தாலோகூட மனுப் போடலாம்.

மனுப் போட்ட அன்றே யாரும் தன்னைத் தொட முடியாது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது சரியில்லை. திவாலானவர் என்று அறிவித்து உத்தரவு வந்த பிறகுதான், அதைக் காட்டி மற்ற வழக்குகளை நிறுத்தக் கேட்கும் 29ஆம் பிரிவு உயிர் பெறுகிறது. கைதிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் 31ஆம் பிரிவும் அந்த அறிவிப்புக்குப் பிறகே. அதற்கும் தனி மனுப் போட வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் நீதிமன்ற அமீனா வாரண்டோடு வாசலில் நிற்க முடியும். அப்படி நிற்கும்போது பணம் எவ்வளவு, எப்போது கட்டுவது என்ற பேச்சு முதலில் வரக்கூடாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இந்தக் காகிதம் வந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடன் விவகாரத்தில் ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பும் வழிகள் பல. கடன் கொடுத்தவர் டிகிரி வாங்கி, இ.பி. என்ற நிறைவேற்று மனுப் போட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவில் சிவில் சிறை கேட்கலாம். திவால் நீதிமன்றமே, கடனாளி தலைமறைவாகிறார், சொத்தையோ கணக்கையோ மறைக்கிறார் என்று திருப்தி அடைந்தால், அறிவிப்புக்கு முன் திவால் சட்டத்தின் 21ஆம் பிரிவில் கைது செய்ய உத்தரவிடலாம். அறிவிப்புக்குப் பின் ஓடி ஒளிந்தால் 32ஆம் பிரிவில் பிடித்து வரச் செய்து, ஜாமீன் தராவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். விற்கக்கூடாது என்ற தடையுத்தரவை மீறித் தோட்டத்தை விற்றால், தடை போட்ட நீதிமன்றமே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 2ஏ-யின் கீழ் மூன்று மாதம் வரை சிறை வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலே இருப்பது 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம். அதன்படி தண்டிக்கும் அதிகாரம் உத்தமபாளையத்துக்கும் இல்லை, தேனி மாவட்ட நீதிமன்றத்துக்கும் இல்லை. கீழ் நீதிமன்றத்தின் உத்தரவை மீறியது அவமதிப்பா என்று பார்த்துத் தண்டிக்க வேண்டியது உயர் நீதிமன்றம். தேனி மாவட்டத்துக்கு அது 2004 ஜூலை 24 முதல் இயங்கும் மதுரைக் கிளை.

வழி மாறினால் நிபந்தனையும் மாறும். 21ஆம் பிரிவுக்கான காரணத்தைச் சொல்லி 51ஆம் பிரிவில் உத்தரவு வாங்கினாலோ, கீழ் நீதிமன்றமே "அவமதிப்பு" என்று எழுதிச் சிறைக்கு அனுப்பினாலோ அந்த உத்தரவு மேலே போய் நிற்பது கடினம்.

டிகிரிக் கடனுக்குக் கைது

இந்த வழியில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் சிறு கடனாளிகள் அதிகம் மாட்டுகிறார்கள். நடைமுறைக் கோளாறுகளும் இங்கேதான் மலிந்து கிடக்கின்றன. இதற்கான அடிப்படைத் தீர்ப்பு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து போன வழக்கில் வந்தது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவரும் இன்னொருவரும் கொச்சின் வங்கிக்கு இரண்டரை லட்சம் ரூபாய் டிகிரிக் கடனாளிகள். அவர்களுடைய சொத்துகள் ஏற்கெனவே ஜப்தியாகி, அவற்றை நிர்வகிக்க ரிசீவரும் போடப்பட்டிருந்தார். அப்படியிருந்தும் அவர்களைக் கைது செய்ய வாரண்ட் பிறந்தது. ஒரு காலத்தில் வசதி இருந்தது என்பதே கீழ் நீதிமன்றங்களில் போதுமான காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்று கையில் என்ன இருக்கிறது, கட்டாமல் இருப்பதில் கெட்ட எண்ணம் உண்டா என்று யாரும் விசாரிக்கவில்லை.

1980 பிப்ரவரி 4 அன்று நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யரும் நீதிபதி ஆர்.எஸ்.பாடக்கும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அந்த வாரண்ட் உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. பணம் கட்டவில்லை என்பது மட்டும் சிறைக்குக் காரணம் ஆகாது. கட்ட வழி இருந்தும் நேர்மையில்லாமல் மறுத்தார் என்று காட்ட வேண்டும். ஒப்பந்தக் கடனைக் கட்ட முடியாததற்காக மட்டும் யாரையும் சிறையிடக்கூடாது என்ற சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் பிரிவையும், அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவையும் சேர்த்து வைத்து நீதிமன்றம் 51ஆம் பிரிவைப் படித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கடனாளியின் வக்கீல் கையில் எடுக்க வேண்டிய முதல் தீர்ப்பு இதுதான். இவ்வளவு தெளிவான தீர்ப்பு இருக்கும்போது, கடனாளி வாயில்லாமல் நிற்பதைப் பார்த்துச் சம்பிரதாயமாக ஒரு வாரண்ட் பிறப்பிக்கப்படுமானால் அது மன்னிக்க முடியாத அலட்சியம்.

நடைமுறையில் கோளாறு நுழையும் இடம் பெரும்பாலும் நோட்டீஸ். கைதுக்கு முன், உங்களை ஏன் சிவில் சிறையில் வைக்கக்கூடாது என்று காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 37. கடனாளி ஓடிவிடுவார் என்று பிரமாணப் பத்திரத்தின் மூலமோ வேறு வகையிலோ நீதிமன்றம் திருப்தி அடைந்தால் மட்டுமே அதைத் தவிர்க்கலாம். வழக்குக் கட்டில் அந்த நோட்டீஸைத் தேடி எடுத்து, அதன் மீதான சார்பு அறிக்கையைப் படிக்க வேண்டும். "வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டினேன்" என்று எழுதியிருக்கிறதா? எந்தத் தேதி? ஒட்டியதைப் பார்த்தவர் பெயர் இருக்கிறதா? ராயப்பன்பட்டியிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர் அந்த வாரம் முழுக்க மலைமேல் இருந்தார் என்றால், தோட்டத்துச் சம்பளச் சீட்டே அவருக்குச் சாட்சி. தனக்கு நோட்டீஸ் வரவே இல்லை என்று வாயால் சொல்வதைவிட அந்தச் சீட்டின் நகல் பெரிய வேலை செய்யும்.

அடுத்தது விதி 40. கடனாளி ஆஜரானதும், கைது கேட்கிறவர் முதலில் சாட்சியம் தர வேண்டும். அதற்குப் பிறகே கடனாளி பதில் சொல்ல வேண்டும். இந்த வரிசை தலைகீழாகிற உத்தரவுகளைக் கவனிக்க வேண்டும். "எதிர்மனுதாரர் தனக்கு வசதியில்லை என்று நிரூபிக்கவில்லை" என்ற ஒரே வரியில் சிறை உத்தரவு முடிந்திருந்தால், சுமையை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று பொருள். 51ஆம் பிரிவின்படி காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்பதும் கட்டாயம். வசதியைக் கணக்கிடும்போது ஜப்தி செய்யக்கூடாத சொத்தைச் சேர்க்கக்கூடாது. விவசாயி குடியிருக்கும் வீடு, உழவு மாடு, கருவிகள், விதை நெல் ஆகியவை 60ஆம் பிரிவின் பாதுகாப்பில் இருப்பவை. அவற்றைக் காட்டி "வசதி உண்டு" என்று எழுதப்பட்ட உத்தரவு அந்த இடத்திலேயே உடைகிறது.

கைது செய்யும் விதத்துக்கும் வரம்பு இருக்கிறது. சூரியன் மறைந்த பின்னும் உதிப்பதற்கு முன்னும் அமீனா வீட்டுக்குள் நுழையக்கூடாது. கடனாளியின் சொந்தக் குடியிருப்பாக இருந்து, அவர் உள்ளே விட மறுத்தாலொழிய வெளிக்கதவை உடைக்கக்கூடாது. பணம் சம்பந்தப்பட்ட டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவோ சிறை வைக்கவோ கூடாது என்பது 56ஆம் பிரிவு. சுய உதவிக் குழுக் கடனுக்கோ கணவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனுக்கோ "உன்னை உள்ளே தள்ளுவேன்" என்று மிரட்டப்படும் பெண்கள் இந்த ஒரு பிரிவையாவது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பிடிபட்டவரின் சாப்பாட்டுப் படியை டிகிரிதாரர் முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லையென்றால் கைதே கூடாது. டிகிரித் தொகை 2,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் சிறையே இல்லை. 5,000 வரை ஆறு வாரம், அதற்கு மேல் மூன்று மாதம் என்பது உச்சவரம்பு. உள்ளே இருந்து வந்தாலும் கடன் தீராது. ஆனால் அதே டிகிரிக்கு மறுபடி கைது செய்ய முடியாது.

திவால் மனு இதனோடு சேரும் இடம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. கைதாகி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர், தான் திவால் மனுப் போடப்போவதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் போடுவதாகவும் கூப்பிடும்போது வருவதாகவும் ஜாமீன் கொடுத்தால், நீதிமன்றம் விடுவிக்கலாம். மனு ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் திவால் சட்டத்தின் 23ஆம் பிரிவில் திவால் நீதிமன்றத்திடமே விடுதலை கேட்கலாம். இந்த இரண்டையும் கேட்காமலே உள்ளே போனவர்கள் கேட்கத் தெரியாமல் போனவர்கள்தான். அன்று காலை கூண்டில் நிற்கும்போது வக்கீல் இல்லாவிட்டாலும் "ஐயா, நான் ஐ.பி. போட விரும்புகிறேன், ஜாமீன் தருகிறேன்" என்று சொல்லிவிட்டால், நீதிமன்றம் அதைப் பரிசீலித்தாக வேண்டும்.

கணக்குப் புத்தகம் கொடுக்காதவர்

திவால் மனு ஏற்கப்பட்ட பிறகு கடனாளிக்குக் கடமைகள் உண்டு. கணக்குப் புத்தகங்களைக் கொடுக்க வேண்டும், சொத்துப் பட்டியல் தர வேண்டும், விசாரணைக்கு வர வேண்டும் என்று திவால் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே தவறினாலோ, ரிசீவரிடம் சொத்தை ஒப்படைக்காவிட்டாலோ, மோசடியாகக் கணக்கை அழித்தாலோ 69ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை. ஆனால் திவால் நீதிமன்றம் அந்தத் தண்டனையைத் தானே கொடுக்க முடியாது. 70ஆம் பிரிவின்படி, தேவையான அளவு பூர்வாங்க விசாரணை செய்து, குற்றம் நடந்ததாகத் தோன்றுகிறது என்ற முடிவைப் பதிவு செய்து, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். மாஜிஸ்திரேட் வழக்கமான கிரிமினல் நடைமுறைப்படி விசாரிப்பார். அந்த முடிவைப் பதியாமல் போன புகார், திவால் நீதிபதியே கையெழுத்திட்ட தண்டனை ஆகிய இரண்டும் மேலே நிற்காது.

இங்கே இங்கிலாந்தின் ஒரு வழக்கைச் சொல்லியே ஆக வேண்டும். பிராம்பிள்வேல் என்ற கம்பெனி கலைக்கப்பட்டபோது, அதன் நிர்வாக இயக்குநர் இரண்டு கணக்குப் புத்தகங்களைக் கலைப்பு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் கொடுக்கவில்லை. புத்தகங்கள் காரில் இருந்தன, விபத்தில் பெட்ரோல் கொட்டி நனைந்துவிட்டன, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார். கீழ் நீதிமன்றம் நம்பவில்லை, சிறைக்கு அனுப்பியது. 1970ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் இருக்கும் மேல்முறையீட்டுத் தீர்ப்பு அவரை விடுவித்தது. அவர் சொன்ன கதை பொய்யாகவே இருக்கலாம். ஆனால் உத்தரவு வந்த தேதியில் அந்தப் புத்தகங்கள் அவர் கையில் இருந்தன என்று யாராவது நிரூபித்தார்களா? ஒருவர் பொய் சொல்கிறார் என்பது, அவரிடம் பொருள் இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. அவமதிப்பு குற்றத்தின் தன்மை கொண்டது என்பதால், நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று லார்ட் டென்னிங் அமர்வு சொன்னது.

கம்பம் மார்க்கெட்டிலோ சின்னமனூரிலோ கமிஷன் கடை வைத்து நொடித்தவருக்கு இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்தும். வரவு-செலவு நோட்டு, தண்டல் நோட்டு, லாரிச் சீட்டு எல்லாம் எங்கே என்று ரிசீவர் கேட்பார். கடையைக் காலி செய்தபோது போனது போனதுதான் என்றால், எப்போது போனது, யார் எடுத்தது, கடை உரிமையாளர் என்ன சொல்கிறார் என்பதை முதல் நாளே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ரிசீவரோ, கடைசியாக அந்த நோட்டைக் கடனாளி கையில் பார்த்த சாட்சியையும் தேதியையும் பிடிக்க வேண்டும். அது இல்லாமல் போடுகிற மனு வெறும் கோபம்தான்.

அவமதிப்பு மனு

1971ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறுவதையும், நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவதையும் சிவில் அவமதிப்பு என்கிறது. "வேண்டுமென்றே" என்ற சொல்லில்தான் வழக்கு முழுக்க நிற்கிறது. முடியாமல் போனதும் மறுத்ததும் வேறு. இரண்டு லட்சம் கட்டச் சொல்லி உத்தரவு இருக்கிறது, கட்டவில்லை என்றால் அது நிறைவேற்ற வேண்டிய டிகிரி, இ.பி. போட வேண்டும். பணம் வசூலிக்க அவமதிப்பு மனுவை ஆயுதமாக எடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஆர்.என்.டே வழக்கில் சொல்லியிருக்கிறது. அதே கடனாளி "நிலத்தை விற்க மாட்டேன்" என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு மறுமாதமே பதிவு அலுவலகம் போனால், கதை மாறுகிறது.

இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் வழக்கு போதும். ஸ்டேட் வங்கியின் தலைமையிலான வங்கிகள் கேட்டதன்பேரில் உச்ச நீதிமன்றம் சொத்து விவரத்தை வெளியிடச் சொன்னது. டியாஜியோ நிறுவனத்திடமிருந்து வந்த 4 கோடி டாலரை அவர் மறைத்ததும், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தடையை மீறி அதைத் தன் பிள்ளைகளுக்கு மாற்றியதும்தான் குற்றச்சாட்டு. 2017 மே 9 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனை பற்றி அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் வாய்ப்பு மேல் வாய்ப்பாக ஒத்திவைத்துக்கொண்டே போனது. இதற்கிடையே 2020 ஆகஸ்டில் சீராய்வு மனு தள்ளுபடி ஆனது. 2021 ஜூலை 26 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது. அவர் வரவே இல்லை. கடைசியில் 2022 ஜூலை 11 அன்று, அவர் இல்லாத நிலையிலேயே, நான்கு மாதச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. 4 கோடி டாலரை வட்டியோடு திருப்பவும் உத்தரவு. வங்கிக் கடனைக் கட்டவில்லை என்பதற்காக இந்தத் தண்டனை இல்லை. கேட்டபோது சொத்தைச் சொல்லாததற்காகவும், தடையை மீறி மாற்றியதற்காகவும். ஐந்தாண்டுக் காத்திருப்பும் நடைமுறையின் ஒரு பகுதிதான். எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எவ்வளவு சிறிய ஆளாக இருந்தாலும், குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் கேட்டு, பிறகே தண்டிக்க வேண்டும். அவமதிப்பு வழக்குக்குக் கிரிமினல் நடைமுறைச் சட்டம் அப்படியே பொருந்தாது என்ற 1954ஆம் ஆண்டு சுக்தேவ் சிங் தீர்ப்பே, குற்றச்சாட்டை அறிவித்து நியாயமான வாய்ப்புத் தருவது மட்டும் அவசியம் என்று சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டில் நடைமுறைக் கோளாறு ஒரு தண்டனையையே அடித்துப் போட்டதற்கு உதாரணம், சென்னைக் காவல் ஆணையராக இருந்த முத்துக்கருப்பன் வழக்கு. பொய்யான பிரமாணப் பத்திரம் தாக்கலான விவகாரத்தில், பரிதி இளம்வழுதி கொண்டுவந்த மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் அவரைக் கிரிமினல் அவமதிப்பில் தண்டித்தது. தனிநபர் ஒருவர் கிரிமினல் அவமதிப்பு மனுக் கொண்டுவர அட்வகேட் ஜெனரலின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்பது அவமதிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. அந்தச் சம்மதம் பெறப்படவில்லை. அவர் சொல்லித்தான் அந்தப் பத்திரம் போடப்பட்டது என்பதற்கும் போதிய சான்று இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. திவால் வழக்கில் கடனாளி போலி ரசீது தாக்கல் செய்தார் என்று கொதிக்கும் கடன்காரர், அதைக் கிரிமினல் அவமதிப்பு என்று எழுதினால் அட்வகேட் ஜெனரலின் வாசலைத் தாண்டாமல் போக முடியாது. சிவில் அவமதிப்புக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை.

கோளாறு எல்லாமே விடுதலை தராது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். சஹாரா வழக்கில் முதலீட்டாளர் பணத்தைத் திருப்பும்படி 2012 ஆகஸ்ட் 31இல் வந்த உத்தரவு நிறைவேறவில்லை. 2014 மார்ச் 4 அன்று சஹாரா தலைவர் சுப்ரதா ராய் திகார் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவமதிப்பில் தீர்ப்பே சொல்லாமல் அடைத்துவிட்டார்கள், இயற்கை நீதி மீறப்பட்டது என்று அவர் தரப்பு வாதாடியது. 2014 மே 6 தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேறு எல்லா முயற்சியும் தோற்ற பிறகு, உத்தரவை நிறைவேற்ற வைப்பதற்காகவே காவல் என்றது. அதே வாதத்தை ஒரு சின்ன வியாபாரியின் வழக்கில் வைத்தால் பலன் வேறாக இருந்திருக்குமா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. ஆனால் பாடம் தெளிவு. பல முறை வாய்ப்புக் கொடுத்தும் ஏய்த்தவர் நோட்டீஸின் ஓட்டையைக் காட்டித் தப்புவது கடினம். கோளாறால் தனக்கு என்ன பாதிப்பு, எந்தப் பதிலைச் சொல்ல முடியாமல் போனது என்று காட்டுகிறவருக்கே அது உதவும்.

மீறியதாகச் சொல்லப்படும் உத்தரவின் வாசகத்தையும் வரி வரியாகப் படிக்க வேண்டும். "எதிர்மனுதாரர் ரிசீவருக்கு ஒத்துழைக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தால், எதைச் செய்யாதது மீறல் என்று சொல்வது? சர்வே எண், பத்திர எண், ஒப்படைக்க வேண்டிய தேதி, இடம் எல்லாம் உத்தரவிலேயே இருந்தால்தான் மீறலைப் பிடிக்க முடியும். உத்தரவு எப்போது கடனாளிக்குத் தெரிந்தது என்பதும் முக்கியம். நீதிமன்றத்தில் அவர் நின்றிருக்கும்போதே சொன்னார்களா, சான்றிட்ட நகல் சார்பாயிற்றா, வக்கீலுக்கு மட்டும் தெரிந்ததா என்று பார்க்க வேண்டும்.

அவமதிப்பு மனுவுக்கான காலக்கெடு 20ஆம் பிரிவில் இருக்கிறது: அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஓராண்டு. பங்குச் சந்தை ஊழலுக்குப் பிறகு சொத்தை மறைத்தவர் மீதான பல்லவ் ஷேத் வழக்கில், 2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தீர்த்து வைத்தது. ஓராண்டுக்குள் மனுத் தாக்கலாகியிருந்தால் போதும், அதற்குள் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டியதில்லை. சொத்தை மோசடியாக மறைத்திருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்தே காலம் ஓடும். மகன் பெயரில் போன தோட்டம் மூன்றாண்டு கழித்து வில்லங்கச் சான்றில் வெளிப்படுகிறது என்றால், அந்தச் சான்றை வாங்கிய தேதிதான் கடன்காரரின் கணக்கைத் தொடங்கி வைக்கும்.

மதுரைக் கிளை அவமதிப்பு மனுவில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினால், போகாமல் இருப்பது மிக மோசமான தவறு. ராயப்பன்பட்டியிலிருந்து ஒத்தக்கடைப் பக்கம் உலகனேரி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். முந்தைய நாளே கிளம்பியாவது போய்விட வேண்டும். உத்தரவில் கொஞ்சமாவது நிறைவேற்ற முடிந்ததை நிறைவேற்றி, அதற்கான ரசீதோடு நிற்பது நல்லது. மன்னிப்பு மனதாரக் கேட்கப்பட்டால், அதில் நிபந்தனை இருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளிவிடக் கூடாது என்று 12ஆம் பிரிவே சொல்கிறது. சிவில் அவமதிப்பில் அபராதம் போதாது, சிறை தேவை என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே சிறை. அதுவும் சிவில் சிறை, ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. அபராதம் போதாதது ஏன் என்று தண்டனை உத்தரவில் எதுவும் சொல்லப்படவில்லையென்றால், மேல்முறையீட்டு மனுவில் அதை முதல் காரணமாகவே வைக்கலாம். தனி நீதிபதியின் தண்டனைக்கு எதிராக இரு நீதிபதி அமர்வுக்கு 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். இது உரிமை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. அமர்வு தண்டித்திருந்தால் 60 நாளில் உச்ச நீதிமன்றம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்தி வைக்கவும், ஜாமீனில் விடவும் 19ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது. கீழ் நீதிமன்றத்தின் இ.பி. கைது உத்தரவுக்கு மதுரைக் கிளையில் சிவில் சீராய்வு மனுப் போடுகிறார்கள். திவால் நீதிமன்ற உத்தரவுகளுக்குத் திவால் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தில் 30 நாளில் மேல்முறையீடு.

இவை எல்லாவற்றுக்கும் கையில் காகிதம் வேண்டும். கைது வாரண்ட் வந்தவரின் வீட்டார் அன்றே நகல் மனுப் போட்டு, டிகிரி, இ.பி., விதி 37 நோட்டீஸ், அதன் சார்பு அறிக்கை, கைது உத்தரவு, ஐ.பி. மனு எண் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். நகல் கிடைக்கத் தாமதமானால் வழக்குக் கட்டைப் பார்வையிட வக்கீல் அனுமதி கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் உத்தமபாளையத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும், தேனியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கின்றன. காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். அந்த வக்கீலிடம் முதலில் நீட்ட வேண்டியது விதி 37 நோட்டீஸின் சார்பு அறிக்கையும், காரணம் எழுதியிருக்க வேண்டிய கைது உத்தரவும்.